யூரோத்திரோப்பின்: ஒரு சிறுநீர்நோய் மருந்தின் வகைப்பாடும் வழக்காறும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு பொருள்களையே முதன்மைப்படுத்துவர். ஒன்று மக்களை வருத்திய நோய்; மற்றொன்று அந்நோயை வென்ற அறிஞர். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் மருந்து, தனக்கென ஒரு வரலாறு இல்லாத கருவியாகவே எண்ணப்படுகின்றது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, நோய் தீர்ந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகின்றது. ஆயினும் ஒரு மருந்து எவ்வகையைச் சேர்ந்தது, அதனை அவ்வகையில் வைத்தவர் யாவர், எக்காலத்தில் எத்தேவை கருதி வைத்தனர் என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், மருந்துக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு என்பது புலனாகும்.

வகைப்பாடு என்பது பொருளின் இயல்பை உள்ளவாறே பதிவு செய்யும் நடுநிலையான செயல் என்று கருதுதல் பொதுவழக்கு. உண்மையில் வகை பொருளினுள்ளே எழுதப்பட்டிருப்பதன்று. அது மனிதர் எடுக்கும் முடிபு. ஒருமுறை எடுக்கப்பட்ட முடிபு பின்னர் பயன்பாட்டை ஆளத் தொடங்குகின்றது. வகை விரிந்தால் மருந்து வேண்டாத இடங்களிலும் வழங்கப்படும். வகை பழையதெனத் தள்ளப்பட்டால் வேண்டிய இடத்திலும் மறக்கப்படும். இக்கருத்தை, சிறுநீர்த் தொற்றுக்கு வழங்கப்பட்டுவரும் ஒரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜேர்மனியில் யூரோத்திரோப்பின் என்னும் பெயருடன் வழக்குக்கு வந்த அம்மருந்து, பிரித்தானியாவில் எட்சமீன் எனவும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மெதனமைன் எனவும் பெயர் பெற்றது. இன்று மெதனமைன் என்பதே பொதுப் பெயராக நிலைத்துள்ளது.

நோயும் அதன் பெயரும்

சிறுநீர் கழிக்கும்போது எரிவும் கடுப்பும் தோன்றுதல், சிறிது சிறிதாக அடிக்கடி நீர் பிரிதல், நீர் கலங்கியும் சில வேளைகளில் குருதி கலந்தும் காணப்படுதல், அடிவயிறு நோதல் ஆகியன சிறுநீர்ப்பைத் தொற்றின் குறிகள். தொற்று மேலேறிச் சிறுநீரகத்தை எட்டுமாயின் குளிரும் காய்ச்சலும் விலாநோவும் உண்டாகும். பெண்களை இந்நோய் ஆண்களிலும் பார்க்கப் பெருமளவில் தாக்குகின்றது. ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் மீண்டும் வருதலும் உண்டு.

தமிழில் வழங்கும் நீர்க்கடுப்பு என்னும் பெயர் நோயாளி உணரும் துன்பத்தைக் கொண்டு அமைந்தது. ஐரோப்பிய மொழிகளின் பழைய பெயர்களும் அத்தகையனவே. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றை நோக்கி நோயறியும் முறை சித்த மருத்துவத்தில் நீர்க்குறி எனப்பட்டது. மத்தியகால ஐரோப்பாவிலும் மருத்துவர் கண்ணாடிக் குடுவையைக் கையிலேந்தி அதையொத்த செயலையே செய்தனர். நோயை அதன் தோற்றத்தாற் பெயரிட்டு வகுத்த காலம் அது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. பாஸ்டர், கொக் முதலியோரின் ஆய்வுகளாலே தொற்றுநோய்கள் அவற்றை விளைக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு வகுக்கப்படலாயின. 1885இல் தியோடோர் எஷெறிக் என்பவர் குழந்தைகளின் குடலிலிருந்து ஒரு கோலுருப் பற்றீரியாவை விவரித்தார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கப்பட்ட அந்நுண்ணுயிரே சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பொதுவான காரணி என்பது அறியப்பட்டது. நோயின் பெயர் மாறியதும் மருந்துபற்றிய எதிர்பார்ப்பும் மாறிற்று. கடுப்பைத் தணிப்பது மட்டும் போதாது. சிறுநீரில் வாழும் உயிரை அழித்தல் வேண்டும் என்றாயிற்று. அக்காலத்துச் சத்திரசிகிச்சையாளர் சிறுநீர்வடிகுழாய் வழியாக வெள்ளிநைத்திரேற்று, போரிக் அமிலம் ஆகியவற்றின் கரைசல்களைச் செலுத்திச் சிறுநீர்ப்பையைக் கழுவினர். வாயால் உட்கொள்ளப்பட்டுச் சிறுநீரினுள்ளே சென்று தொழிற்படவல்ல ஒரு மருந்தே அப்போதைய தேவையாக இருந்தது.

மருந்தாகுமுன் ஒரு பொருள்

தேவை எழுவதற்குப் பல ஆண்டுகளின் முன்பே அப்பொருள் ஆய்வுகூடத்தில் இருந்தது. ரஷ்ய இரசாயன அறிஞர் அலெக்சாந்தர் புத்லேறொவ் 1859இல், இன்று போமல்டிகைட்டு என அறியப்படும் பொருளை ஆராய்ந்தபோது, அதனோடு அமோனியாவைச் சேர்த்து ஒரு வெண்ணிறப் பளிங்குப் பொருளைப் பெற்றார். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு காபன் அணுக்களும் பன்னிரண்டு ஐதரசன் அணுக்களும் நான்கு நைதரசன் அணுக்களும் அமைந்த அப்பொருள் நீரில் எளிதிற் கரைவது. அதன் மூலக்கூறு ஒரு கூடு போன்ற வடிவினது. 1923இல் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனத்தில் டிக்கின்சன், றேமண்ட் என்போர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவ்வடிவத்தை உறுதிப்படுத்தினர். சேதன மூலக்கூறொன்றின் கட்டமைப்பு அம்முறையால் முழுமையாக அறியப்பட்டது அதுவே முதன்முறை.

புத்லேறொவின் கண்டுபிடிப்புக்குப் பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பொருள் எந்நோய்க்கும் மருந்தாகவில்லை. அதன் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே. ஆயின் அதனை மருந்து என்னும் வகையில் வைப்பதற்கான வினாவை எவரும் அதுவரை கேட்கவில்லை.

அவ்வினாவைக் கேட்டவர் ஆர்தூர் நிக்கொலாயர். 1862இல் மேற்சைலீசியாவின் கோசெல் என்னும் ஊரில் யூதக் குடும்பத்திற் பிறந்த இவர், 1884இல் கெற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோதே புகழ் பெற்றார். தோட்ட மண்ணை விலங்குகளின் தோலின்கீழ்ச் செலுத்தி ஏர்ப்புவலியை உண்டாக்கிய இவர், அப்புண்ணில் மெல்லிய நீண்ட கோலுயிர்களைக் கண்டார். ஏர்ப்புவலிக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பை இவ்வாய்வு தெளிவாக்கிற்று. அக்கோலுயிரைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுக்கும் பெருமை 1889இல் யப்பானிய அறிஞர் கிட்டசாட்டோவுக்கு வாய்த்தது.

இதன்பின் நிக்கொலாயரின் கவனம் சிறுநீர்க் கற்களின்பாற் சென்றது. கெற்றிங்கனில் தம் மூத்த பேராசிரியராகிய வில்ஹெல்ம் எப்ஸ்ரைனுடன் இணைந்து, விலங்குகளிற் செயற்கையாகச் சிறுநீர்க் கற்களை உண்டாக்கும் ஆய்வினை 1891இல் வெளியிட்டார். யூரிக் அமிலக் கற்களைக் கரைக்கவல்ல பொருளைத் தேடிய வழியிலேயே புத்லேறொவின் வெண்பளிங்கு அவர் கைக்கு வந்தது. 1890களின் நடுப்பகுதியில் அவர் அதனை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்த, பேர்ளினைச் சேர்ந்த ஷெரிங் நிறுவனம் யூரோத்திரோப்பின் என்னும் வணிகப் பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுநீரைக் குறிக்கும் சொல்லை முதலுறுப்பாகக் கொண்ட அப்பெயரே மருந்தின் வகையையும் பறைசாற்றிற்று.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கல்லைக் கரைக்கும் மருந்து என்ற வகையில் யூரோத்திரோப்பின் நிலைபெறவில்லை. ஆனால் அதனை உட்கொண்டோரின் சிறுநீர் நாட்கணக்கில் வைத்தாலும் அழுகாதிருந்தது. நுண்ணுயிர்கள் அதில் வளரவில்லை. எனவே கல்கரைப்பான் என்னும் வகையிலிருந்து சிறுநீர் அழுகலெதிரி என்னும் வகைக்கு மருந்து பெயர்ந்தது. அதன் முதல் வகைமாற்றம் இதுவாகும்.

இரு நிபந்தனைகள்

யூரோத்திரோப்பின் தன்னளவில் நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றல் அற்றது. குருதியில் அது மாற்றமின்றிச் சுற்றிவந்து சிறுநீரகத்தால் வெளியேற்றப்படுகின்றது. சிறுநீர் போதிய அமிலத்தன்மையுடையதாயின் அங்கே அது நீரோடு தாக்கமுற்றுச் சிதைந்து, அமோனியாவையும் போமல்டிகைட்டையும் விடுவிக்கின்றது. போமல்டிகைட்டு நுண்ணுயிரின் புரதங்களையும் கருவமிலங்களையும் தாக்கி அதனை அழிக்கின்றது. ஆகவே இம்மருந்து பயன்தருவதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. ஒன்று அமிலம், மற்றொன்று காலம். சிறுநீர் காரத்தன்மையுடையதாயின் சிதைவு நிகழாது. சிறுநீர் சிறுநீர்ப்பையிற் சிறிது நேரம் தங்காது உடன் வெளியேறுமாயின் போதிய அளவு போமல்டிகைட்டு உண்டாகாது.

உடலினுள்ளே மாறிய பின்னரே மருந்தாகும் இத்தகைய பொருளுக்கு முன்மருந்து என்னும் வகைப்பெயரை 1958இல் அவுஸ்திரேலிய அறிஞர் ஏட்ரியன் அல்பேட் வழங்கினார். மருந்து வழக்குக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னரே அதன் தொழிற்பாட்டுக்குரிய வகைப்பெயர் தோன்றிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. வழக்கு முந்தியது, வகை பிந்தியது.

எல்லை கடந்த வழக்காறு

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் யூரோத்திரோப்பின் பெற்ற செல்வாக்குப் பெரிது. நெருப்புக் காய்ச்சலிலிருந்து தேறியோரின் சிறுநீரில் அந்நோய்க் கிருமிகள் வாரக்கணக்கில் வெளியேறும் என்பதும், அதனாற் பிறர்க்கு நோய் பரவும் என்பதும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தன. அத்தகையோர்க்கு யூரோத்திரோப்பின் வழங்கப்பட்டமை பொருத்தமான பயன்பாடே. ஏனெனில் மருந்து தொழிற்படுவதற்கான களம் அங்கும் சிறுநீரேயாகும்.

ஆனால் வழக்காறு அவ்வெல்லையில் நிற்கவில்லை. 1909இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் குறோ என்பவர், வாயால் உட்கொண்ட இம்மருந்து மூளைமுண்ணாண் பாய்பொருளிலும் காணப்படுகின்றது எனக் காட்டினார். அவர் கண்டது உண்மையே. அதிலிருந்து பெறப்பட்ட முடிபே பொருந்தாதது. மருந்து அங்குச் செல்கின்றது, ஆகவே அங்குத் தொழிற்படும் என்று பலர் கருதினர். மூளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரும், மூளையுறை அழற்சியிலும், இளம்பிள்ளைவாதம் பரவிய காலங்களிலும் அது வழங்கப்பட்டது. மூளைமுண்ணாண் பாய்பொருள் அமிலத்தன்மையற்றது. அங்குச் சென்ற மருந்து கூட்டினுள் அடைபட்ட பறவைபோல் மாற்றமின்றியே இருந்தது. 1910களில் நடைபெற்ற இரசாயன ஆய்வுகள் அமிலத்தின் இன்றியமையாமையை வலியுறுத்திய பின்னரே இவ்வழக்காறு படிப்படியாகக் குறைந்தது.

சிறுநீர் அழுகலெதிரி என்னும் வகைப்பெயரிலிருந்து சிறுநீர் என்னும் அடைமொழியை மருத்துவர் சிலர் தம்மையறியாமலே நீக்கிவிட்டனர். எஞ்சிய அழுகலெதிரி என்னும் பெயர் எந்நோய்க்கும் இடங்கொடுத்தது. வகை விரிவடைந்தமையால் விளைந்த பிழை இது.

பெயர்களின் பெருக்கமும் இக்குழப்பத்துக்குத் துணைசெய்தது. ஒரே பொருள் யூரோத்திரோப்பின், போமின், சிஸ்ரோஜென், அமினோபோம் எனப் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டது. பெயர் வேறாயின் பொருளும் வேறென எண்ணுதல் இயல்பு. மருந்துகளைப் பொதுப் பெயராலேயே வழங்குதல் வேண்டும் எனப் பேராசிரியர் சேனக்க பிபிலே இலங்கையில் வலியுறுத்தியதற்கும், அவரை முதற் தலைவராகக் கொண்டு 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்ததற்கும் பின்னணியில் நின்றது இத்தகைய பெயர்ப் பெருக்கமேயாம்.

மருந்தகத்துக்கு வெளியே

இதே பொருள் மருத்துவத்துக்கு வெளியே வேறு வகைகளிலும் வைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் 1915 டிசம்பரில் ஜேர்மன் படையினர் ஈப்பர் பகுதியில் பிரித்தானியப் படைமீது பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவைப் பயன்படுத்தினர். பொஸ்ஜீனை ஈர்த்து நடுநிலையாக்கும் ஆற்றல் எட்சமீனுக்கு உண்டு என்பதை ரஷ்யர் வழியாக அறிந்த பிரித்தானியர், 1916இல் தம் படைவீரரின் துணித் தலையுறைகளை எட்சமீன் சேர்ந்த கரைசலில் தோய்த்து வழங்கினர். ஜேர்மன் மருந்தகங்களிற் சிறுநீர்ப்பைக்கு வழங்கப்பட்ட பொருள், ஜேர்மன் நச்சுவாயுவிலிருந்து பிரித்தானியப் போர்வீரனின் நுரையீரலைக் காக்கும் கவசமாயிற்று.

இதற்கு மறுதலையான பயன்பாடும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்னிங் என்னும் ஜேர்மானியர் எட்சமீனிலிருந்து ஒரு புதிய சேர்வையைப் பெற்று, அதற்கு மருத்துவப் பயனுண்டு எனக் கூறி ஆக்கவுரிமம் பெற்றார். மருந்தாக அது விளங்கவில்லை. பின்னாளில் அதன் வெடிக்கும் ஆற்றல் அறியப்பட்டு, ஆர்.டி.எக்ஸ். என்னும் பெயருடன் இரண்டாம் உலகப் போரிற் பேரளவிற் பயன்படுத்தப்பட்டது. மருந்து வகையிற் பிறந்த பொருள் படைக்கலமாக முடிந்தது. எட்சமீனோ படைவீரர் உணவு சமைக்கும் திண்ம எரிபொருள் வில்லைகளாகவும், சில நாடுகளில் பாலாடைக்கட்டியைப் பேணும் உணவுக்காப்புப் பொருளாகவும் இடம்பெற்றது.

மருந்து, கவசம், வெடிபொருளின் மூலம், எரிபொருள், உணவுக்காப்பு என ஐந்து வகைகளில் ஒரே பொருள் நிற்கக் காண்கிறோம். இவற்றுள் எது அதன் உண்மை வகை என்று வினவுதல் பொருளற்றது. எத்தேவையுடைய மனிதர் அதனை நோக்கினர் என்பதே வரலாற்றாசிரியன் வினவவேண்டியது.

வழக்கொழிந்த மருந்தும் விலக்கப்பட்ட மனிதரும்

1930களில் சிறுநீர்த் தொற்று மருத்துவம் பெரும் மாற்றமுற்றது. 1935இல் பிரித்தானிய மருத்துவர் மக்ஸ் றொசென்ஹைம் மண்டேலிக் அமிலத்தை இந்நோய்க்கு அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் ஜேர்மனியில் கெர்காட் டொமாக் புரொன்ரோசில் என்னும் செஞ்சாயப் பொருளின் பற்றீரிய எதிர்ப்பாற்றலை வெளியிட்டார். அச்சாயம் உடலில் உடைந்து விடுவிக்கும் சல்பனிலமைட்டே உண்மையில் தொழிற்படும் பகுதி என்பதைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர் அவ்வாண்டிலேயே காட்டினர். சல்பா மருந்துகளின் காலம் தொடங்கிற்று. அவற்றைத் தொடர்ந்து பெனிசிலினும் ஸ்திரெப்ரோமைசினும் வந்தன. 1950களில் நைத்திரோபியூரன்ரோயினும் 1960களில் நாலிடிக்சிக் அமிலமும் சிறுநீர்த் தொற்றுக்கெனவே வந்து சேர்ந்தன.

அன்ரிபயோட்டிக் என வழங்கும் நுண்ணுயிரெதிரிகளின் முன்னே மெதனமைன் ஒளி மங்கிற்று. சிறுநீருக்கு அமிலத்தன்மை ஊட்டும் நோக்குடன் மண்டேலிக் அமிலத்தோடும், பின்னர் 1960களில் இப்பூரிக் அமிலத்தோடும் சேர்த்து அதனை உப்பாக்கி வழங்கிய முயற்சிகள் அதற்கு ஓரளவு வாழ்வளித்தன. ஆயினும் பாடநூல்களில் அது பழைய மருந்துகள் என்னும் பகுதிக்குத் தள்ளப்பட்டது. சல்பா மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் போமல்டிகைட்டு சிறுநீரிற் கரையாப் படிவுகளை உண்டாக்கும் என்பதும் புதிய மருந்தின் பக்கமே மருத்துவரைச் சாரச் செய்தது.

மருந்து ஒதுக்கப்பட்ட அதே ஆண்டுகளில் அதனை அறிமுகப்படுத்தியவரும் ஒதுக்கப்பட்டார். நிக்கொலாயர் அப்போது பேர்ளினில் வாழ்ந்த முதியவர். 1933 ஏப்ரிலில் நாசி அரசு இயற்றிய சட்டம் யூதரை அரச பதவிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றத் தொடங்கிற்று. 1935இன் நியூரம்பேர்க் சட்டங்கள் குருதிவழியைக் கொண்டு மனிதரை வகுத்து, யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938 செப்டெம்பர் இறுதியுடன் யூத மருத்துவர் அனைவரதும் மருத்துவ உரிமம் நீக்கப்பட்டது. யூத நோயாளரை மட்டும் கவனிக்க அனுமதிக்கப்பட்ட சிலரும் மருத்துவர் என்னும் பெயரைத் தாங்கலாகாது. நோயாளரைக் கையாள்வோர் என்னும் புதிய வகைப்பெயராலேயே அவர்கள் குறிக்கப்பட்டனர். கல்வியும் அனுபவமும் மாறவில்லை, வகைப்பெயர் மாறிற்று. அவ்வளவில் ஒரு வாழ்நாட் பணி இல்லாததாக்கப்பட்டது.

1942 ஆகஸ்டில், பொகீமியாவின் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்கு நாடுகடத்தப்படும் நிலையை எதிர்நோக்கிய நிக்கொலாயர் தம் எண்பதாவது வயதில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஏர்ப்புவலி மண்ணிலிருந்து வருவது என்று முதலிற் காட்டியோருள் ஒருவரும், பல நாடுகளில் நோயாளர் உட்கொண்ட மருந்தைத் தந்தவருமாகிய அவரை அரசு வைத்த வகையில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. சாதாரண அலுவலகப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல் உயிரையே பறிக்கவல்லது என்பதற்கு இந்நூற்றாண்டு கண்ட சான்றுகள் பலவற்றுள் இதுவும் ஒன்று என 20ஆம் நூற்றாண்டைக் குறித்து நாம் கூறலாம். பொருள்களின் வகைப்பாட்டையும் மனிதரின் வகைப்பாட்டையும் ஒருதட்டில் வைத்து நிறுத்தல் தகாது. மருந்தைத் தவறாக வகுத்தல் அறியாமை. மனிதரை அவ்வாறு வகுத்தமை திட்டமிட்ட கொடுமை. ஆயினும் வகைப்பெயரை இயற்கையின் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளும் மனப்பழக்கம் இரண்டுக்கும் துணைநிற்கின்றது.

எழுத்தும் எண்ணும்

மருந்துகளை உலகளாவிய முறையில் வகுக்கும் முயற்சி 1970களில் நோர்வேயிலும் ஏனைய வடஐரோப்பிய நாடுகளிலும் உருவாயிற்று. உடலுறுப்பு, மருத்துவப் பயன், இரசாயன இயல்பு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு மருந்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு வழங்கும் இம்முறையை 1981இல் உலக சுகாதார தாபனம் மருந்துப் பாவனை ஆய்வுகளுக்கென விதந்துரைத்தது. அதனைப் பேணும் நிலையம் 1982இல் ஒஸ்லோவில் அமைந்தது.

இம்முறையில் மெதனமைன் முதலில் சிறுநீர் மற்றும் இனப்பெருக்கத் தொகுதிகளுக்குரிய ஜீ என்னும் எழுத்தின்கீழ், சிறுநீர் அழுகலெதிரிகளுள் ஒன்றாக இருந்தது. பின்னர் அது தொற்றெதிர் மருந்துகளுக்குரிய ஜே என்னும் எழுத்தின்கீழ், உடல் முழுதுக்குமான பற்றீரியவெதிரிகளுள் ‘ஏனையவை’ என்னும் உட்பிரிவில் வைக்கப்பட்டது. முன்பு இந்த உறுப்புக்குரியது என வகுக்கப்பட்ட மருந்து இப்போது இத்தொழிலுக்குரியது என வகுக்கப்பட்டது. ஓரெழுத்து மாறியதால் விளைந்தது சிறிதன்று. நுண்ணுயிரெதிரிகளின் பாவனையை நாடுகள் கணக்கிடும்போது மெதனமைனும் அத்தொகையினுள் அடங்கலாயிற்று. இம்மருந்தை மிகுதியாகப் பயன்படுத்தும் நோர்வேயில் அதனைச் சேர்த்துக் கணக்கிட்டால், அந்நாடு நுண்ணுயிரெதிரிகளை உண்மையிலும் கூடுதலாகப் பயன்படுத்துவதுபோல் தோன்றும். ஆகவே நோர்வேயின் ஆண்டறிக்கைகள் மெதனமைனை நீக்கிய தொகையைத் தருவதை வழக்கமாக்கிக்கொண்டன. வகுத்தவர் வாழும் நாடே தன் வகைப்பாட்டுக்குப் புறனடை எழுதவேண்டியதாயிற்று.

இவ்வேறுபாடு ஏன் முக்கியமாகின்றது? நுண்ணுயிரெதிரிகளுக்கு எதிராகப் பற்றீரியாக்கள் எதிர்ப்பாற்றல் பெறுதல் நம் காலத்தின் பெருஞ் சிக்கல்களுள் ஒன்று. மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்று வருவோர்க்கு மாதக்கணக்கில் குறைந்த அளவு நுண்ணுயிரெதிரியை வழங்குதல் நீண்டகால வழக்கு. அத்தகைய வழக்கே எதிர்ப்பாற்றலை வளர்க்கும் விளைநிலமும் ஆகும். போமல்டிகைட்டோ நுண்ணுயிரின் ஒரு குறித்த உறுப்பை மட்டும் தாக்குவதன்று. பல இடங்களில் ஒருங்கே தாக்குவது. ஆதலின் நூறாண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டில் மெதனமைனுக்கு எதிரான எதிர்ப்பாற்றல் மருத்துவத்தில் ஒரு பெரும் பிரச்சினையாக எழவில்லை. சிறுநீரைக் காரமாக்கும் சில பற்றீரியாக்கள் அதன் தொழிற்பாட்டைத் தடுப்பதுண்டு. அது எதிர்ப்பாற்றல் அன்று, முற்கூறிய அமில நிபந்தனை நிறைவேறாமையே.

2022இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்றால் வருந்திய 240 பெண்களுள் ஒரு பகுதியினர்க்கு நுண்ணுயிரெதிரியும் மற்றப் பகுதியினர்க்கு மெதனமைன் இப்பூரேற்றும் 12 மாதங்கள் வழங்கப்பட்டன. நுண்ணுயிரெதிரி பெற்றோர்க்கு ஒருவர்க்கு ஆண்டொன்றில் சராசரி 0.89 தடவையும் மெதனமைன் பெற்றோர்க்கு 1.38 தடவையும் தொற்று ஏற்பட்டது. ஆய்வுக்கு முன் வகுத்துக்கொண்ட எல்லை ஒரு தடவை வேறுபாடு. கண்ட வேறுபாடு அதனிற் குறைவாக இருந்தமையால், மெதனமைன் தாழ்ந்ததன்று என்னும் முடிபு பெறப்பட்டது. 2024இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனமும் தகுந்த நோயாளர்க்கு இதனை மாற்று மருந்தாகக் கருதலாம் என வழிகாட்டலிற் சேர்த்தது. பழைய மருந்து என்னும் வகையிலிருந்து அது மீண்டும் பயன்மருந்து என்னும் வகைக்குத் திரும்பியது.

இதனைப் புதிய சர்வரோக நிவாரணியாகக் கொண்டாடுதல், 1910களில் நிகழ்ந்த பிழையை மீண்டும் செய்தலாகும். இது தொற்று வராது தடுக்கும் மருந்து. வந்துவிட்ட கடுந்தொற்றைத் தீர்ப்பதன்று. தொற்று சிறுநீரகத்தை எட்டிய நிலையில் இதனை நம்பலாகாது. வடிகுழாய் பொருத்தப்பட்டோரிற் சிறுநீர் தங்காமையால் இதன் பயன் குறைவு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றோர்க்கும் ஈரல் நோயுடையோர்க்கும் இது விலக்கப்பட்டது. நுண்ணுயிரெதிரியை வழங்கவேண்டிய நிலையில் அதனைத் தவிர்த்தலும், வேண்டாத நிலையில் வழங்குதலைப்போல் ஆபத்தானதே.

முடிவுரை

யூரோத்திரோப்பினின் வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம். முதலாவது, ஒரு மருந்தின் வகை அதன் இயல்பிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அது காலத்தின் தேவையிலிருந்தும் பிறக்கின்றது. கல்கரைப்பான், அழுகலெதிரி, முன்மருந்து, பற்றீரியவெதிரி எனப் பெயர்கள் மாறிய போதெல்லாம் மாறியது மருந்தன்று, மருத்துவம். இரண்டாவது, வகைப்பெயர் பயன்பாட்டை ஆள்கின்றது. அடைமொழி ஒன்று உதிர்ந்தமையால் மருந்து மூளைநோய்க்கும் வழங்கப்பட்டது. பழையது என்ற பெயர் ஒட்டியமையால் பயன்பட்டிருக்கக்கூடிய இடத்திலும் மறக்கப்பட்டது. எழுத்து ஒன்று மாறியமையால் ஒரு நாட்டின் கணக்கே பிறழ்ந்தது. மூன்றாவது, மறக்கப்பட்டவை யாவும் பயனற்றவை அல்ல. அறிவியல் என்றும் முன்னோக்கியே செல்கின்றது, விட்டுச் சென்றவை விடத்தக்கனவே என்னும் நம்பிக்கையை இவ்வரலாறு ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

ஆகவே மருத்துவ மாணவர் ஒரு மருந்தின் வகையைக் கற்கும்போது அவ்வகை எப்போது, எதன்பொருட்டு வகுக்கப்பட்டது என்பதையும் உடன் வினவுதல் நன்று. வரலாற்று மாணவர்க்கோ மருந்துப் பட்டியலும் ஓர் ஆவணமே. கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் போல அதுவும் தன்னை எழுதியவரின் காலத்தைப் பேசும். அவர்கள் எவற்றைச் சேர்த்தனர் என்பதோடு எவற்றையும் எவரையும் விலக்கினர் என்பதையும் பேசும். அவ்வாவணத்தைப் படிக்கும் பயிற்சியை நம் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும் வரலாற்றுத் துறைகளும் ஒன்றுகூடி வளர்க்குமாயின், அது இரு துறைகளுக்கும் ஆக்கமாக அமையும்.